டிராயரில் பூட்டிய கீபோர்டு

ஜல்லிக் கிடங்கில் அவரை முகத்துக்கு நேரே ‘சிஸ்டம் சார்’ என்பார்கள். முதுகு திரும்பியதும் ‘மோப்பம்’. பொருத்தமான பெயர்தான், சும்மா சொல்லக்கூடாது. காய்ச்சிய பாலைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். யாராவது வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துவிட்டால் போதும், அன்றைக்கு முழுவதும் மனுஷருக்கு வேலை ஓடாது.

“நான் தும்மினாக்கூட எதுக்குத் தும்மினேன்னு ஒரு விசாரணை வைப்பீங்க” என்பாள் மனைவி.

“காரணமில்லாம யாரும் தும்மறதில்ல” என்பார் அவர். இந்த ஆளோடு எப்படிப் பேசுவது, சொல்லுங்கள்.

கிடங்கின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடின. அவற்றைப் பார்த்துக்கொள்வது மோப்பத்தின் வேலை. அதில் குறை சொல்ல முடியாது, கெட்டிக்காரர். முக்கியமான கம்ப்யூட்டர் எடைமேடை அறையில் இருந்தது. லாரி மேடையில் ஏறி நின்றதும், எடை காட்டும் பெட்டி எண்களை ஒரு கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கேபிள் செருகியிருக்கும் இடம் சீரியல் போர்ட். மேடை காலியாக இருந்தால் பெட்டி வாயைத் திறக்காது. பாரம் ஏறிவிட்டாலோ, ஓயாமல் எண்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

அந்த அறையில் எடை போட ஆள் தேவைப்பட்டபோது, மனைவி தன் தம்பிக்காக நச்சரித்தாள். கைக்குழந்தையோடு வேலையில்லாமல் தவித்துக்கொண்டிருந்தான் அவன். மோப்பம் அரை மனதோடு மேனேஜரம்மாவிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார். சேர்த்த நாளிலிருந்தே மச்சினன் மேல் ஒரு கண். இவன் ஏதாவது ஏடாகூடம் செய்து வைத்தால் என் பேர் அல்லவா நாறும்?

கம்ப்யூட்டரில் இரண்டு சீரியல் போர்ட்கள் இருந்தன. ஒன்றில் எடைப்பெட்டி. சும்மா கிடந்த மற்றொன்றில் ஒரு ஒயரைச் செருகி, சுவரோரமாக இழுத்துத் தன் அறைக்குக் கொண்டுபோனார் மோப்பம். பிறகு பூட் லோடருக்கு ஒரு உத்தரவு போட்டார். பூட் லோடர் என்பது கம்ப்யூட்டர் கண்விழித்ததும் முதலில் எழுந்து நிற்கும் குட்டி புரோகிராம். சில நொடிகள் காத்திருக்கும். யாரும் கீயைத் தொடாவிட்டால் தானாகவே லினக்ஸை ஏற்றிவிடும். தொட்டுவிட்டால், ‘சரி, நீங்களே சொல்லுங்க’ என்று நின்றுகொள்ளும். ‘உன் திரையில் தெரிவதை இந்த ஒயரிலும் காட்டு, இந்த ஒயரில் வருவதையும் கீ தட்டியதாக எடுத்துக்கொள்’ என்பதுதான் அவர் போட்ட உத்தரவு. மச்சினன் காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்து என்ன குடைகிறான் என்று தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாமே!

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அவருக்கு அது நிம்மதியாக இல்லை, ஏமாற்றமாக இருந்தது.

மழைக்காலத்தில் ஒரு இடி இடித்ததில் எடைப்பெட்டி செருகியிருந்த போர்ட் புகைந்துபோனது. மோப்பம் தன் வேவு ஒயரைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் எடைப்பெட்டியைச் செருகினார். எடை போடும் புரோகிராமில் போர்ட்டின் பெயரை மாற்றினார். எண்கள் ஒழுங்காக வந்தன. கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது. சில காலைகளில் கம்ப்யூட்டர் பாதியில் நின்றது. கறுப்புத் திரை, ‘எதை ஏற்றட்டும்?’ என்று கேட்கும் பூட் லோடரின் பட்டியல், அவ்வளவுதான். யாரோ கீயைத் தட்டி நிறுத்தியது போல. வாசலில் லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடிக்கும். மோப்பம் ஓடி வந்து என்டரைத் தட்டுவார், எல்லாம் சரியாகிவிடும்.

எந்தெந்தக் காலைகளில் என்று பார்த்தார். மச்சினன் டியூட்டியில் மட்டும்! மற்ற காலைகளில் வரும் பெரியவர், எல்லாம் தயாராகும்வரை ஒரு லாரியையும் கேட்டுக்குள் விடமாட்டார். அவர் கையில் ஒருநாளும் தகராறு இல்லை. மச்சினன் இளகிய மனசுக்காரன். “பாவம், எப்பலேர்ந்து நிக்கிறாங்களோ, ஏறிக்கட்டும்” என்று முதல் லாரியை மேடையில் ஏற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டரையே ஆன் செய்வான். இதெல்லாம் மோப்பத்துக்குத் தெரியும். ஆனால் அவர் தேடியது ஆளை. லாரியை யார் சந்தேகப்படுவார்கள்?

கீபோர்டைக் கழற்றி எடுத்துப்போய்த் தன் டிராயரில் பூட்டினார். எடை போட மவுஸ் போதும். இப்போ என்ன பண்றான் பார்ப்போம்!

அவன் அடுத்து வந்த காலையில் கம்ப்யூட்டர் நின்றது.

கீபோர்டே இல்லாத அறையில் கீயைத் தட்டியது யார்? மோப்பத்துக்கு மூக்கு வேர்த்துவிட்டது. பயல் வீட்டிலிருந்து இன்னொரு கீபோர்டு கொண்டுவருகிறான்!

“பையைத் திற.”

“என்ன மாமா?”

“திறடான்னா!”

லாரி டிரைவர்கள் கதவருகே கூடிவிட்டார்கள். மச்சினன் பையைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தான். சாப்பாட்டு டப்பா, ஒரு துண்டு, தைக்கக் கொடுப்பதற்காக எடுத்து வந்த குழந்தையின் பிய்ந்த செருப்பு. ஒரு டிரைவர் களுக்கென்று சிரித்தான்.

“வேற எங்கயாவது தேடணுமா மாமா?” என்றான் மச்சினன்.

ஒளித்து வைத்துவிட்டான், கைகாரன் என்று நினைத்துக்கொண்டார் மோப்பம். மேனேஜரம்மா அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். “இப்படி லாரி நின்னா எனக்குப் பதில் சொல்ல முடியாது. மிஷின் கோளாறா, ஆள் கோளாறா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“ஆள்தாம்மா. என் மச்சினன்னு பார்க்காதீங்க.”

அன்று மாலையே அவனை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் மனைவி தட்டை ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மறுநாள் காலை அவரே எடைமேடை அறையைத் திறந்தார். கேட்டிலிருந்து ஒரு டிரைவர் கத்தினான். “சார், ஏறட்டுமா? அவரு எப்பவும் ஏறச் சொல்லிடுவாரு.”

“ஏறித் தொலை” என்றார்.

லாரி ஏறியது. கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கறுப்புத் திரை. பட்டியல். நின்றுவிட்டது.

அறையில் அவரைத் தவிர ஈ காக்கை இல்லை. கீபோர்டு டிராயரில், சாவி அவர் சட்டைப்பையில். கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்தார். கரன்ட், திரை, மவுஸ் ஒயர்களைத் தவிர செருகியிருந்தது ஒரே ஒரு கேபிள், எடைப்பெட்டியின் கேபிள். மேடையில் லாரி நின்றதால் பெட்டி எண்களைக் கொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி ஆன் செய்தார். கம்ப்யூட்டர் நிற்காமல் சமர்த்தாக லினக்ஸுக்குப் போய்விட்டது.

கீபோர்டை எடுத்துவந்து பூட் லோடரின் கோப்பைத் திறந்தார். அவர் எழுதிய வரி அப்படியே இருந்தது. இந்த போர்ட்டில் வருவதையும் கீ தட்டியதாக எடுத்துக்கொள். மச்சினனை வேவு பார்க்க வைத்த காது! ஒயரைப் பிடுங்கினாரே தவிர, காதை மூடவில்லை. மச்சினன் வந்த காலையெல்லாம் லாரியின் எடை அந்தக் காதில் போய்க் கத்தியிருக்கிறது.

அடப்பாவி என்று தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டார். வரியை அழித்து, பூட் லோடரைப் புதுப்பித்து, கேபிளைச் செருகி, லாரி மேடையில் நிற்கும்போதே ஆன் செய்து பார்த்தார். நிற்கவில்லை. நேராக மேனேஜரம்மாவிடம் போனார்.

“ஆள் கோளாறுதாம்மா. ஆளைத்தான் மாத்திச் சொல்லிட்டேன்.”

மேனேஜரம்மா முழுக்கக் கேட்டார். நல்லவேளை, கத்தவில்லை. “போய் நீங்களே கூட்டிட்டு வாங்க” என்றார்.

மச்சினன் வீட்டு வாசலில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். மோப்பம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், வேவு ஒயர் உட்பட.

“அப்போ நான் சேர்ந்த நாள்லேர்ந்தே பார்த்துட்டுதான் இருந்தீங்களா மாமா?”

“ஆமாடா. தப்புதான். என்னை மன்னிச்சுக்கோ.”

“சரி மாமா. நாளைக்கு வந்துடறேன்” என்றான் அவன். வேலை அவனுக்கு வேண்டியிருந்தது, குழந்தை இருக்கிறதே.

மறுநாள் காலை மோப்பம் முன்னதாகவே போய், கீபோர்டை எடைமேடை அறையின் மேசையில் வைத்து, தூசியையும் துடைத்துவிட்டுக் காத்திருந்தார். மச்சினன் வந்தான். கீபோர்டைப் பார்த்தான். தோளிலிருந்த பையை இறக்கி, அதன் வாயை அகலமாகத் திறந்து அவர் முன்னால் நீட்டினான்.

“ஐயோ, என்னடா இது! வேண்டாம், மூடு.”

“பார்த்துடுங்க மாமா. அப்புறம் எனக்கும் நிம்மதி.”

குத்திக்காட்டுகிறானா என்று அவன் முகத்தைத் துழாவினார். மோப்பம் அல்லவா! அங்கே கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. டப்பா, துண்டு, தைத்து வாங்கிய செருப்பு. அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்கடுத்த காலையும் அவன் பையைத் திறந்து காட்டினான். இன்றைக்கும் காட்டிவிட்டுத்தான் உட்கார்கிறான். அவர் தலையைத் திருப்பிக்கொண்டு, “சரிடா, போ” என்கிறார்.