கல்லை இடம் மாற்றிய கதை

எங்கள் மீன் தொட்டியில் இருக்கும் பெரிய சிக்லிட் மீன், மற்ற மீன்களைக் கல் பக்கமே அண்டவிடாமல் கடித்துக்கொண்டிருந்தது.

காலையில் பக்கத்து வீட்டு பாலன் அண்ணன் வந்து பார்த்தார்.

"கல்லெல்லாம் எடம் மாத்தி வைங்க தம்பி. எது தன் எடம்னு அதுக்கே தெரியாம போயிரும். அப்புறம் எங்க சண்ட போடுறது?"

மாற்றினேன். மத்தியானத்துக்குள் சண்டை நின்றுவிட்டது.

மலேசியாவின் உலு திராமில் எங்கள் தாமான் குடியிருப்பு ரோடு எல்லோருக்கும் பொது. ஆனால் அண்ணன் தன் காருக்காக, என் கேட்டை ஒட்டி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இடம் பிடித்து வைத்திருப்பார்.

சாயங்காலம் அந்த நாற்காலிகளைத் தூக்கித் தெருமுனையில் வைத்தேன்.

"அலமாக்! எவன்டா என் நாற்காலியத் தொட்டது?" என்று வெளியே இன்னும் சத்தம் கேட்கிறது.

மீனுக்கு அரை நாளில் கேட்ட வைத்தியம் அண்ணனுக்கு எப்போது கேட்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.