முன்கூட்டியே எழுதிய சரணம்

எங்கள் சபையின் பாட்டுக்குழு இதுவரை வெளியிட்டது ஒரே ஒரு ஆல்பம். அதில் ஏழு பாடல்கள். ஏழாவது பாட்டின் கடைசிச் சரணத்தில் சொற்கள் கிடையாது. கிடாரும் கீபோர்டும் மட்டும் போகும். கீபோர்டு வாசித்தவன் நான். பதிவு செய்யும்போது குரல் விட்டுப்போய்விட்டதா என்று இன்னமும் கேட்கிறார்கள். அதனால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தெருவில், லேத் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் சபை இருக்கிறது. வார நாட்களில் பட்டறைச் சத்தம் தரையை அதிர வைக்கும். ஆகவே ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகுதான் பதிவு. எங்கள் கம்பெனியில் கழித்துப் போட்ட பேக்கிங் ஃபோமைக் கேட்டு வாங்கி வந்து, சபைப் பிள்ளைகளின் ஓய்வுநாள் பள்ளி அறையின் சுவர் முழுக்க நானே ஒட்டினேன். கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. வாசிப்பில் சின்னப் பிசிறு இருந்தாலும் மறுபடி எடுக்கச் சொல்வேன்.

தளியில் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் எங்கள் டிரம்ஸ்காரர் அலுத்துக்கொள்வார். "எதுக்கெடுத்தாலும் ரிஜெக்ட்டாணா? சாயங்காலத்துக்குள்ள ஒண்ணாவது ஓகே பண்ணுங்க. பூ அறுக்க ஆள் வந்து நிப்பாங்க."

பாடல்களை எழுதியவர் கிடார் வாசிப்பவர். பாடியவர் அவர் மனைவி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்து தங்கிவிட்டவர்கள். நாலாவது படித்துக்கொண்டிருந்த ஒரே மகனைக் காய்ச்சலில் இழந்தார்கள்.

எங்கள் ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. ஜெபத்தில் கேட்டது கிடைத்தவர்கள் எழுந்து சொல்வார்கள். கிடைக்காதவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கிடைப்பதற்கு முன்பே விசுவாசத்தோடு நன்றி சொல்லிவிடும் வழக்கமும் உண்டு. மகன் பெங்களூரு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, "அடுத்த ஞாயிறு அவனோடு வந்து சாட்சி சொல்வேன்" என்று கணவர் சபையில் அறிவித்தார். ஐசியு வாசலில் உட்கார்ந்து அந்த ஏழாவது பாட்டையும் எழுதினார். கடைசிச் சரணம், மகனைத் திரும்பத் தந்ததற்கு நன்றி. மகன் திரும்பவில்லை.

அதன் பிறகு மற்ற ஆறு பாடல்களையும் எழுதினார். முதலாண்டு நினைவு ஆராதனையில் ஆல்பத்தை வெளியிடுவதாகப் பாஸ்டரிடம் சொல்லிவிட்டார். பழைய சரணத்தில் 'தந்தீரே' என்று இருந்த இடத்தில் 'எடுத்தீரே' என்று மட்டும் மாற்றினார். மெட்டில் சரியாக உட்கார்ந்தது. எனக்கு அது நல்ல திருத்தமாகவே பட்டது.

ஆறு பாடல்களையும் அந்தம்மா தடங்கலில்லாமல் பாடினார். ஏழாவதில், கடைசிச் சரணத்துக்கு முன் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"இத நான் பாடமாட்டேன், அத்தான்."

"தொண்ட கட்டிட்டா?"

"தொண்டைக்கு ஒண்ணுமில்ல. புள்ள உசுரோட இருக்கையில எழுதுன நன்றி இது. ஒரு வார்த்தைய மாத்திட்டா, அவன் போனதுக்கு நன்றி ஆயிருமா?"

"இன்னிக்கு வுட்ருங்கணா," என்றார் டிரம்ஸ்காரர். "கரண்ட்டும் போயிப் போயி வருது."

"வார ஞாயித்துக்கெழம நினைவு ஆராதனை. நன்றியில்லாம முடிச்சா சபையில என்ன நெனைப்பாவ?" என்றார் கணவர்.

"அப்ப நீங்களே பாடுங்க. எழுதுனது நீங்கதான?"

அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். நான் சரணத்துக்கான எடுப்பை வாசித்தேன். முதல் வரி வரவில்லை. மறுபடி வாசித்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கிடாரில் அவர் விரல்கள் மட்டும் நிற்காமல் சரணத்தின் கடைசிவரை போயின. நடுவில் ஒரு தந்தி மங்கலாக ஒலித்தது. நானும் கூடவே வாசித்தேன். பதிவை யாரும் நிறுத்தவில்லை.

முடிந்ததும் அந்தம்மா போய் ஹெட்ஃபோனைக் கழற்றி, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். "போதும். இது இப்படியே இருக்கட்டும்."

டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்தார். "என்னணா, ரிஜெக்ட்டா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

பாஸ்டர் அந்தப் பதிவை முன்னதாகக் கேட்டுவிட்டுத் தயங்கினார். "ஜனங்க நன்றியோட முடிக்கணும்னு எதிர்பார்ப்பாங்க, பிரதர்." பிறகு இன்னொரு முறை போட்டுக் கேட்டார். "சரி, இருக்கட்டும்" என்றார்.

நினைவு ஆராதனையில் அந்தப் பாட்டைப் போட்டபோது கடைசிப் பகுதியில் யாரும் கைதட்டவில்லை. அடுத்து சாட்சி நேரம். அந்தம்மா எழுந்தார். கணவரும் கூட எழுந்தார்.

"போன வருசம் சாட்சி சொல்லுதோம்னு இங்க சொல்லியிருந்தோம். கேட்டோம், கெடைக்கல. எனக்குக் கர்த்தர் மேல கோவம் இருக்கு. அதையும் அவர்ட்டதான் சொல்லுதேன். வேற யார்ட்ட போய்ச் சொல்ல?"

ஒவ்வொரு சாட்சிக்கும் "ஸ்தோத்திரம்" என்று சத்தமாகச் சொல்லும் சபை அன்று பேசாமல் இருந்தது. பாஸ்டர் அடுத்த பாட்டுக்குப் போகாமல் காத்திருந்தார்.

"எனக்கும்தான்," என்றார் கணவர். பிறகு இருவரும் உட்கார்ந்தார்கள்.