பச்சை உடம்புக்குச் சொல்லாத சாவு

கல்பனா இறந்துவிட்டாள் என்ற செய்தியும் அதை யாருக்கும் சொல்லக் கூடாது என்ற உத்தரவும் எனக்கு ஒரே ஃபோனில் வந்தன. அடையாறில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் வகுப்பறையில், ஒரு துணிப் பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தேன். பிறந்த குழந்தைக்கு எப்படிப் பால் கொடுப்பது என்று கர்ப்பிணிகளுக்கும், கூச்சத்தில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த அவர்களுடைய கணவர்களுக்கும் காட்டிக்கொண்டிருந்த நேரம். அழைத்தது கல்பனாவின் மருமகன் கார்த்திக். "ஆன்ட்டி, அத்தை போயிட்டாங்க. காலையிலதான். தயவுசெஞ்சு கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல எதுவும் போட்டுடாதீங்க. நித்யாவுக்குத் தெரியக் கூடாது" என்றான். பொம்மையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே வகுப்பை முடித்தேன்.

எங்களிடம் வந்து பிள்ளை பெற்றுக்கொண்ட அம்மாக்களே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடைசியாக முகத்தையாவது பார்த்திருப்போமே என்று என்னிடம் சண்டைக்கு வந்தீர்கள். நியாயமான சண்டைதான். உங்கள் தலைமாட்டில் விடிய விடிய நின்றவளுக்கு ஒரு மாலை போட உங்களுக்கு உரிமை இருந்தது. கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்கு அன்று வந்தவர்கள் ஒரு வேனில் அடங்கிவிட்டார்கள். உங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அஞ்சலி எழுதும்போது இறந்தவரை 'அவர்' என்று எழுத வேண்டுமாம். இத்தனை வருடம் என்னை "ஏய் பர்வீ" என்று மாடிப்படியிலிருந்து கத்திக் கூப்பிட்டவளை 'அவர்' என்று எழுதினால், எழுந்து வந்து சிரிப்பாள். நான் அவள் என்றே எழுதப் போகிறேன். கல்பனா ஒரு டூலா. மருத்துவரும் இல்லை, நர்ஸும் இல்லை. வலி எடுத்ததிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை அம்மாவின் கையை விடாமல் இருந்து, பிறந்த பிறகும் அவளைப் பார்த்துக்கொள்கிற பிரசவத் துணை. "பொறந்ததைப் பார்க்க ஊரே வரும். பெத்தவளைப் பார்க்க ஒரு ஆள் வேணாமா?" என்பாள். வங்கி வேலையை உதறிவிட்டு இதற்கு வந்தவள். நான் தாய்ப்பால் கொடுக்கக் கற்றுத்தருகிறவள். இருவரும் சேர்ந்துதான் அந்த வகுப்பை நடத்தினோம்.

அவளிடம் இனிமையான பேச்சை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துதான் போனார்கள். தி. நகரில் ஒரு வீட்டுக்குச் சிசேரியன் ஆன பெண்ணைப் பார்க்கப் போயிருந்தோம். கூடம் நிறைய உறவினர்கள். குழந்தையின் மூக்கு யார் மூக்கு என்று பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே அந்தப் பெண் தலைகூட வாராமல், அழுக்கு நைட்டியோடு உட்கார்ந்திருந்தாள். குளிக்கப் போனால் குழந்தை அழுகிறது என்று கதவைத் தட்டிவிடுகிறார்களாம். கல்பனா அவளைக் குளியலறைக்குள் அனுப்பி, வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். குழந்தை வீறிட்டது. ஒரு பெரியப்பா எழுந்து வந்து, "என்னம்மா, பச்சைக் குழந்தை கதறுது, பேசாம உக்காந்திருக்கீங்க?" என்றார். "அதுக்குத்தான் நீங்க பத்துப் பேர் இருக்கீங்களே. மூக்கு உங்க மூக்குதானே, நீங்களே தூக்குங்க" என்றாள். அந்தப் பெண் தலைக்கு ஊற்றிக்கொண்டு வெளியே வரும்வரை நாற்காலியை விட்டு நகரவில்லை. பத்திரிகைகளில் செல்ஃப் கேர் என்று ஃபேஸ் பேக்கும் மெழுகுவத்தியும் போடுவார்களே, அதையெல்லாம் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "தாழ்ப்பாள் போட்டுக் குளிக்க விடுங்கடா முதல்ல" என்பாள்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஒரு மருத்துவமனையில் குறைமாதத்தில் குழந்தை பிறந்திருந்தது. குழந்தை இன்குபேட்டரில் இருப்பதாகச் சொல்லி, பாலைக் கறந்து கொடுக்கும்படி தாயிடம் சொல்லியிருந்தார்கள். கறப்பதில் சிரமம் என்று எங்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் போனபோது அந்தப் பெண்ணின் கணவன் சின்னப் பாட்டிலில் பாலை எடுத்துக்கொண்டு வெளியே போனான். நடைபாதையின் கோடியில் இருந்த வாஷ்பேசினில் அதை ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டான். பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா எங்களைப் பார்த்து, "இன்னாம்மா பண்றது? அந்தப் புள்ள பொறந்த அன்னிக்கே பூட்ச்சி. இவரு டெய்லி பாலை வாங்கினு வந்து இங்கதான் ஊத்திக்கினு கீறாரு" என்றாள். பச்சை உடம்பு தாங்காது என்று வீட்டார் மறைத்திருக்கிறார்கள்.

கல்பனா நேராக உள்ளே போனாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. அந்தப் பெண்ணின் கையிலிருந்த பம்ப்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, குழந்தை இறந்துவிட்டது என்று அந்த வார்த்தையையே சொன்னாள். அந்தப் பெண் கல்பனாவை ஓங்கி ஓர் அறை விட்டாள். குடும்பமே திரண்டு எங்களை வெளியே தள்ளியது. கல்பனா அப்போதும் வீட்டுக்குப் போகவில்லை. கீழே டீக்கடையில் நின்றுகொண்டு, மார்பில் குளிர்ந்த துணி வைப்பது எப்படி, வலிக்காமல் பாலை அடங்க விடுவது எப்படி என்று அந்த ஆயாம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்து மேலே அனுப்பினாள். திரும்பும்போது ஸ்கூட்டரில் என்னிடம், "துக்கத்துல பால் வத்திடும்னு சொல்றானுங்க. வத்தாது பர்வீ. வத்தினா தேவலையே" என்றாள். அந்தக் குடும்பம் பிறகு அவளோடு பேசவே இல்லை. பெற்றவளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்பதில் மட்டும் அவள் யாருக்காகவும் இறங்கி வந்ததில்லை.

சொந்த மகளுக்காக இறங்கி வந்தாள். நித்யா ஒரே பெண். கணவர் போன பிறகு கல்பனாவுக்கு எல்லாமும் அவள்தான். நித்யாவின் வளைகாப்புக்குச் சில நாட்கள் முன்னால்தான் கல்பனாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. முற்றிய நிலை, மாதக் கணக்குதான் என்றார்கள். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம். நித்யா பெட்டியெல்லாம் கட்டி வைத்திருந்தாள். முழங்கை வரை வளையல் போட்டுக்கொண்டு அவள் எழுந்து நிற்க, கல்பனா மண்டபத்தில் எல்லோர் முன்னாலும், "அசோக் நகர்லயே, மாமியார் வீட்லயே இருக்கட்டும். எனக்கு மூணு பேருக்கு டெலிவரி டேட் கிட்ட வருது, வீட்ல இருக்கவே மாட்டேன்" என்றாள். சம்பந்தியம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ஊருக்கெல்லாம் பிரசவம் பார்க்கிறவங்க, பெத்த பொண்ணைக் கூட்டிட்டுப் போக மாட்டாங்களாமே" என்று பந்தியில் எல்லோரும் பேசினார்கள். நித்யா நேராகப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் மயிலாப்பூரில் அவள் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். "ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், உன் பொண்ணுக்கு ஒரு சட்டமா?" என்று கேட்டேன். "ஆமாண்டி. அவ என் பொண்ணு" என்றாள். வெட்கமே இல்லாமல் சொன்னாள். "தெரிஞ்சா இங்க வந்து உக்காந்துக்குவா. எனக்கு பெட்பேன் வெச்சுக்கிட்டு, வாந்தி துடைச்சுக்கிட்டு, வயித்தைத் தூக்கிக்கிட்டு நிப்பா. கோச்சுக்கிட்டா அங்கயே இருப்பா. குழந்தை பொறந்து நாற்பது நாள் போகட்டும், நானே சொல்றேன்." "நாற்பது நாளுக்கு நீ இருப்பியா?" என்று கேட்டேன். நானும் இரக்கமில்லாதவள்தான். "இல்லன்னா நீ சொல்லு, நாற்பது கழிச்சு" என்றாள். நான் சரி என்று சொல்லவில்லை. நான் சொல்லவில்லை என்பதை அவளும் கவனித்தாள்.

அதன்பிறகு அவளுடைய கண்கள் மஞ்சளாயின. பொய்க்கு அது வசதியாகப் போயிற்று. மஞ்சள் காமாலை, தொற்றிக்கொள்ளும், கிட்ட வராதே என்று வீடியோவில் கண்ணைக் காட்டியே மகளை நம்பவைத்தாள். முகம் ஒட்டிப்போனதும் வீடியோவையும் நிறுத்திவிட்டாள். பிரசவத்துக்கு அவள் போகவில்லை, என்னை அனுப்பினாள். லேபர் அறையில் நித்யா ஒவ்வொரு வலிக்கும் அம்மாவைக் கூப்பிடவில்லை, அம்மாவைத் திட்டினாள். "எவளெவளுக்கோ முதுகு தேய்ச்சா, எனக்கு வர முடியலயா?" என்று பல்லைக் கடித்தாள். நான் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பெண் குழந்தை பிறந்தது. ஃபோட்டோவை எடுத்துக்கொண்டு, கல்பனாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "தையல் எத்தனை?" என்று கேட்டாள்.

குழந்தை பிறந்த மறுவாரம் அவள் போய்விட்டாள். அசோக் நகர் வீட்டில் மறைப்பதற்கான ஏற்பாடுகள் சிறப்பாக நடந்தன. நித்யாவின் ஃபோன் ரிப்பேர் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். கல்பனாவுக்குக் கொள்ளி வைத்த அவளுடைய தம்பி மொட்டைத் தலையோடு அந்தத் தெருப்பக்கமே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கார்த்திக் மயானத்திலிருந்து வந்து, ஆபீஸில் ஏசி வேலை செய்யவில்லை, வேர்த்துவிட்டது என்று சொல்லித் தலைக்குக் குளித்தான். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயந்தவர்கள், அவ்வளவுதான். நானும் அந்த வாரம் முழுக்க உங்களுக்கு ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர்களே என்னைக் கூப்பிட்டார்கள். நித்யாவுக்கு ஒரு பக்கம் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது. வாசலிலேயே சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கல்பனா பேச்சே எடுத்துடாதீங்கம்மா. பச்சை உடம்பு, ஜன்னி கண்டுடும். பால் வத்திடும்" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கட்டியைத் தளர்த்தி, குழந்தையைச் சரியாகப் பிடிக்க வைத்தேன். பால் இறங்கியதும் நித்யாவின் முகம் தெளிந்தது. தெளிந்ததும் ஆரம்பித்தாள்.

"என்ன ஆன்ட்டி, உங்க ஃப்ரெண்டுக்கு இன்னும் காமாலை போகலையா? பேத்தியப் பார்க்கணும்னு தோணலையா அவங்களுக்கு? இனிமே வந்தாலும் கதவைத் திறக்காதீங்கன்னு அத்தைகிட்ட சொல்லிட்டேன். சாகட்டும்."

அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு என்னால் முடியவில்லை. ஒரு நாள் அவளுக்கு எல்லாம் தெரியவரும். அன்றைக்குத் தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் தேதி போட்டு நினைத்துப் பார்ப்பாள். நாற்பது நாள் ஆக ஆக அந்த வார்த்தைகள் கூடிக்கொண்டேதான் போகும். குழந்தை குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். வாங்கித் தோளில் போட்டு, ஏப்பம் வரும்வரை தட்டி, கட்டிலின் சுவரோரமாகப் படுக்க வைத்தேன். பிறகு அவள் எதிரில் உட்கார்ந்து, "நித்யா, அம்மா செத்துட்டாங்க" என்றேன்.

அவள் கத்தவில்லை. "எப்போ?" என்றாள். "போன வியாழக்கிழமை." "அன்னிக்குத்தான் கார்த்திக் வந்து ரெண்டாவது தடவ குளிச்சான்" என்றாள். காமாலை இல்லை, என்ன நோய், எப்போது தெரியும், வளைகாப்பில் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். நைட்டியின் முன்பக்கம் பாலில் நனைந்துகொண்டே வந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை.

"புதன்கிழமை நான் அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போட்டேன்" என்றாள். "நீ எனக்கு அம்மாவே இல்ல, இனி மூஞ்சியிலயே முழிக்காதன்னு. படிச்சாங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கல்பனாவால் அப்போது ஃபோனைக் கையில் பிடிக்கக்கூட முடியாது, நித்யா நம்பியிருப்பாள். ஆனால் பெற்றவளுக்குப் பொய் சொல்லக் கூடாது. "நான்தான் படிச்சுக் காட்டினேன். முழுசா" என்றேன்.

"என்ன சொன்னாங்க?"

"'இவ்வளவு கோபமா எழுதியிருக்காளா? அப்ப தெம்பாத்தான் இருக்கா, நல்லா சாப்பிடறா'ன்னு சொன்னாங்க."

"அப்புறம்?"

அப்புறம் என்று கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டாள். "அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு அழுதாங்க. ரொம்ப நேரம்" என்றேன்.

"வெளியே போங்க ஆன்ட்டி" என்றாள் நித்யா. அவள் சத்தம் கேட்டு ஓடிவந்த சம்பந்தியம்மா தலையில் அடித்துக்கொண்டார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் நான் தெருவுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு நித்யா என் ஃபோனை எடுப்பதில்லை. பால் கொடுக்க உதவி வேண்டுமென்றால் வேறு யாரையாவது அனுப்பச் சொல்லியிருக்கிறாள். காய்ச்சல் விட்டுவிட்டதாம், சாப்பிடுகிறாளாம், குழந்தை எடை ஏறியிருக்கிறதாம். கார்த்திக்தான் மறைவாக எனக்குச் சொல்கிறான். அம்மாவின் புடவை ஒன்றை வரவழைத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள் என்றும் சொன்னான். திட்டுவது மட்டும் என்னைத்தானாம். ஈவிரக்கம் இல்லாதவள், கூசாமல் வந்து சொன்னவள், சாகிறவளுக்கு அந்த மெசேஜைப் படித்துக்காட்டியவள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாளாம். கல்பனாவை ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லையாம். அந்தக் கோபம் கல்பனாவின் பெயரில் இருந்தது, இப்போது என் பெயருக்கு மாறியிருக்கிறது. என் சிநேகிதியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். அதைத் தீர்த்துவைக்க நீங்கள் யாரும் அசோக் நகருக்குப் போக வேண்டாம்.