புது போர்டும் பழைய கார்டும்

ஐப்பசி மழையில் ஒரு இடி விழுந்தது. எங்கள் தெருவில் ஆளுக்கோ மாட்டுக்கோ ஒன்றும் ஆகவில்லை. மாமாவின் கம்ப்யூட்டர் மட்டும் செத்துப்போனது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சங்கராபுரத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற கடை வைத்திருந்தார். கடை என்றால் எங்கள் வீட்டின் முன்பக்க அறைதான். தெருப்பக்கம் ஒரு ஷட்டர் போட்டு, சுவரில் பச்சைத் துணி கட்டியிருந்தார். அப்பா கரும்பு வெட்டப் போனால் மாசக்கணக்கில் வரமாட்டார். அதனால் வீட்டில் நான், அம்மா, மாமா. கம்ப்யூட்டரையும் சேர்த்தால் நாலு பேர்.

மாமா கேமராவில் எடுப்பது ஒரு சின்ன கேசட்டில் பதியும். அதைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினால்தான் வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு சிடி ஆக்க முடியும். ஏற்றுவதற்கு என்று ஒரு கார்டு உண்டு. உள்ளங்கை அகலம்தான். ஓர் ஓரத்தில் தங்கப் பல் வரிசை மாதிரி இருக்கும். அந்தப் பல்லைக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பெரிய போர்டின் பள்ளத்தில் சொருக வேண்டும். இடியில் பெரிய போர்டு போனது. கார்டை மாமா அப்போது கழற்றி வைத்திருந்தார். அது தப்பித்தது.

மாமா சின்னசேலத்தில் ரயிலேறி சேலம் போய்ப் புது போர்டு வாங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை எடுத்து வருவது மாதிரி, மடியில் வைத்துத் துண்டு போர்த்தி எடுத்து வந்தார்.

அந்தச் சமயம் அவர் கையில் இருந்தது ஒரே ஒரு கல்யாணம். மணலூர்பேட்டைக்காரர் ஒருவரின் மூத்த மகளுடையது. பெண் புருஷன் வீட்டுக்குப் போயே நாளாகியிருந்தது. சிடி போகவில்லை. உங்கப்பன் வீடியோவே எடுக்கவில்லையா என்று அங்கே அவளைக் குத்திக் காட்டினார்களாம். அவர் மாமாவுக்குப் போன் மேல் போன் போட்டார்.

அம்மாவுக்கு அதில் வேறொரு ஆசை இருந்தது. மணலூர்பேட்டைக்காரருக்கு இரண்டாவதாக ஒரு மகள். அவளை மாமாவுக்குக் கேட்க வேண்டும். கேமராக்காரன் ராத்திரியெல்லாம் மண்டபத்தில் கிடப்பான், குடிப்பான் என்று சொல்லி முன்பே சில இடங்களில் பெண் தர மறுத்திருந்தார்கள். சிடியைக் கொடுக்கிற கையோடு கேட்டுவிடுவது என்று அம்மா முடிவு செய்திருந்தாள்.

“சிடி நல்லா வந்தா பொண்ணு வரும். வரலன்னா அந்தக் கேமராவையே கட்டிக்கினு குடும்பம் நடத்து” என்றாள்.

எங்கள் வீட்டில் புதுசாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் கை வைக்கமாட்டோம். புது அரிவாளுக்கு வைப்போம். புதுக் குடத்துக்கு வைப்போம். புது போர்டு வந்த அன்றைக்கும் அம்மா சந்தனம் கரைத்துக்கொண்டு வந்தாள். மாமா குறுக்கே நின்றார்.

“யக்கா, போர்டு மேல ஈரம் பட்டா போச்சு. கிட்ட வராத.”

“நான் இன்னாத்துக்கு உன் போர்டத் தொடறேன்? வேற எடமா இல்ல?”

மாமா சூடம் வாங்கப் போனார். அம்மா டிவி மாதிரி இருக்கிற பெட்டிக்கு வைத்தாள். எழுத்து அடிக்கிற பலகைக்கு வைத்தாள். குங்குமம் தீர்ந்திருந்ததால் எல்லாவற்றுக்கும் சந்தனம் மட்டும்தான். மாமா திரும்பி வந்தார். சூடம் காட்டினார்கள். எல்லாவற்றையும் மாட்டினார்கள்.

ஓடியது. காத்தாடி சுற்றியது. திரையில் படம் வந்தது. கார்டை மட்டும் போர்டு எடுக்கவில்லை. அப்படி ஒரு சாமான் உள்ளே இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை.

மாமா கழற்றி மாட்டினார். அணைத்துப் போட்டார். பக்கத்துப் பள்ளத்தில் மாட்டினார். போர்டு வளைகிற அளவுக்கு அழுத்தினார். பிறகு எதிரே உட்கார்ந்து அதையே பார்த்தார்.

கள்ளக்குறிச்சியிலிருந்து அவருடைய சிநேகிதர் வந்தார். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர். நாங்கள் இன்ஜினியர் என்போம். வந்ததும் டீ கேட்டார். ஒரு நீலத் திரையை வரவழைத்து வெகுநேரம் படித்தார். கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் போட்டார். அதற்கு ஒரு மத்தியானம் போனது. கார்டை எடுக்கவில்லை.

“மச்சான், போர்டு புதுசு. கார்டு பழசு. ரெண்டும் ஒத்துக்கல.”

“ஒத்துக்கலன்னா?”

“மாமியாரு மருமவ மாதிரிடா. ஒரே வூட்லதான் இருக்கும். மூஞ்சி குடுத்துப் பேசிக்காது.”

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “இதுல எது மாமியாரு?”

“கார்டுதான்க்கா. அதானே பழசு.”

“அப்ப திமுரு புதுசுக்குத்தான்.”

அன்று சாயங்காலம் அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து, கம்ப்யூட்டரைச் சுற்றி, அடுப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள்.

“பாரு, நெடியே வரல. எவனோ கண்ணு வெச்சிக்கீறான்.”

மாமாவும் இன்ஜினியரும் இருமிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் இன்ஜினியர் கார்டைத் தன் கடைக்கு எடுத்துப்போய் வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். அங்கேயும் எடுக்கவில்லை. கார்டு அவுட்டு என்று சொல்லிவிட்டார். இன்னொன்று வேண்டும் என்றால் சென்னையில் சொல்லி வைக்க வேண்டும். எப்போது வரும் என்று தெரியாது. கல்வராயன் மலையில் ஒரு ஸ்டூடியோக்காரரிடம் இதே மாதிரி கார்டு இருந்தது. மலையில் போன் டவர் கிடைக்காது. மாமா பஸ் ஏறி நேரிலேயே போனார். ஸ்டூடியோ பூட்டியிருந்தது. அவர் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேருக்குக் கீழே இறங்கியிருந்தார். மாமா மலையேறிக்கொண்டிருந்தபோது அவர் கள்ளக்குறிச்சியில் அதே இன்ஜினியர் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தாராம். அவருடைய கார்டும் இடியில் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை மணலூர்பேட்டைக்காரர் மொபெட்டில் வந்து இறங்கினார். பின்னால் இரண்டாவது மகள் உட்கார்ந்திருந்தாள். இன்ஜினியரும் அன்று வந்திருந்தார். கார்டைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா தம்பி, சிடி எங்க?”

“ஆய்டும் மாமா. போர்டு புதுசு. கொஞ்சம் பழகணும்.”

“பழகறதுக்கு அது இன்னா மாடா? அது கெடக்கட்டும், நான் எப்பருந்து உனக்கு மாமா?”

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அங்க மூத்தது அழுதுகினு கீது. இன்னிக்கு சிடி இல்லாம நான் போவமாட்டேன். முடியலன்னா கேசட்டக் குடு. திருவண்ணாமலையில குடுத்துப் போட்டுக்கறேன்.”

கேசட் என்றதும் மாமா அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டார். வேறு ஆளிடம் கேசட் போகக்கூடாது என்றார். ஏன் என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு முகம் வாடிப்போனது. பெண் கேட்கிற பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

இரண்டாவது மகள் மேசை மேல் இருந்த கார்டை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். பிறகு மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

“இன்னா இது, சந்தன வாசன அடிக்குது?”

இன்ஜினியர் கார்டை வாங்கி முகர்ந்தார். மாமாவும் முகர்ந்தார். அம்மாவுக்கு முகம் மலர்ந்தது.

“நான்தாம்மா பொட்டு வெச்சேன்.”

“எங்கக்கா வெச்சீங்க?” என்றார் இன்ஜினியர்.

“பல்லு மேலதான். அதானே மூஞ்சி? பெரிய போர்டத் தொடாதன்னான். நான் தொடல. இதுக்கு மட்டும் வரிசையா வெச்சேன்.”

இன்ஜினியர் கார்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார். சந்தனமும் தங்கப் பல்லும் ஒரே நிறம். காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. படித்தவர், படிக்காதவர் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

“யக்கா…” என்றார் மாமா.

இன்ஜினியர் என் புத்தகப் பையைக் கவிழ்த்து ரப்பரை எடுத்தார். பல்லை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். ரப்பர் மஞ்சளாகிப் பாதியாகக் கரைந்தது. சந்தனம் படாத பள்ளம் ஒன்று மிச்சம் இருந்தது. அதில் மாட்டி ஆன் செய்தார்கள். திரையின் மூலையில் சின்னக் கட்டம் ஒன்று எழும்பியது.

“எடுத்துச்சு மச்சான்!”

“பொட்டு வெச்சது வீணாப் போவல” என்றாள் அம்மா.

இன்ஜினியர் குதித்தார். மாமா குதிக்கவில்லை. கேசட்டைக் கேமராவில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“ஒரு மணி நேர கேசட்டு ஏற ஒரு மணி நேரம் ஆவும். நீங்க போயி டீ சாப்ட்டு வாங்க. ஏறும்போது பாக்கக் கூடாது.”

“ஏன், கண்ணு கெட்டுடுமா?” மணலூர்பேட்டைக்காரர் நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மாமா வேறு வழியில்லாமல் கேசட்டைப் போட்டார். படம் ஓடியது. மேளக்காரர் வந்தார். ஆரத்தித் தட்டோடு இரண்டாவது மகள் வந்தாள். மாப்பிள்ளையின் தோள் கொஞ்சம் வந்தது. இரண்டாவது மகள் வந்தாள். ராத்திரிப் பந்தியில் இரண்டாவது மகள் சாம்பார் ஊற்றினாள். சாப்பிடுகிறவர்கள் யாருக்கும் தலை இல்லை. ஒவ்வொரு தடவையும் அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். விடிந்தது. கெட்டிமேளம் கொட்டியது. எல்லோரும் அட்சதை போட்டார்கள். கேமரா அட்சதை போடுகிற ஒரே ஒரு கையைப் பார்த்தது. அது இரண்டாவது மகளின் கை.

“தாலி எங்கப்பா?” என்றார் மணலூர்பேட்டைக்காரர்.

“அடுத்து வரும்ங்க.”

அடுத்து வரவில்லை. திரை இருட்டிப்போனது.

“அய்ய, கரண்டு போச்சா?” என்றாள் அம்மா. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“கரண்டு போவலம்மா. மாமாதான் காலால ஒயர இழுத்துச்சு” என்றேன்.

இன்ஜினியர் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போனார். மணலூர்பேட்டைக்காரர் மகளைப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த பச்சைத் துணியை, அதில் ஏதோ எழுதியிருப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒயர மாட்டு” என்றார்.

மாமா மாட்டினார். முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருந்தது. மறுபடியும் மேளக்காரர் வந்தார். மறுபடியும் ஆரத்தித் தட்டு வந்தது. இந்தத் தடவை மணலூர்பேட்டைக்காரர் திரையைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தார்.

“ராத்திரில மண்டபத்துலயே படுத்துக்குவியா?”

“எந்நேரமானாலும் வூட்டுக்கு வந்துடுவேங்க.”

“குடிப்பியா?”

“இல்லீங்க.”

“பீடி?”

மாமா வாசல் பக்கம் பார்த்தார். இன்ஜினியரைக் காணோம். “எப்பனா ஒண்ணு.”

“வுட்டுடு.”

“வுட்டுட்டேங்க.”

வீடியோவுக்கும் பீடிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. தாலியைக் காணோம் என்று கோபப்பட வேண்டியவர் இதையெல்லாம் எதற்குக் கேட்கிறார்? அவர் மகள் பக்கம் திரும்பினார்.

“நீ இன்னா சொல்ற?”

“அக்காவுக்குத் தாலி கட்ற போட்டோ இருக்குமில்ல. அந்த எடத்துல அத்த வெச்சு, மேல பூ கொட்றாப்ல போடச் சொல்லுப்பா. மீதியெல்லாம் நல்லாத்தான் கீது.”

மணலூர்பேட்டைக்காரர் எழுந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“தாயி, சோறு ஆச்சா? இது ஏறி முடிக்கறதுக்குள்ள ஒரு வாய் சாப்ட்டுடறோம்.”

அம்மா உள்ளே ஓடினாள். சோறு எங்கள் மூன்று பேருக்குத்தான் இருந்தது. ரசமும், எனக்கு என்று அவித்து வைத்த ஒரு முட்டையும் இருந்தன. அம்மா முட்டையை இரண்டாக அறுத்து, பாதியை அவர் இலையிலும் பாதியை அவர் மகள் இலையிலும் வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்க மனசில்லாதவர்கள் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். அது எனக்கு அப்போது தெரியாது. பாவம், அவ்வளவு தூரம் மொபெட்டில் வந்த மனுஷன், பசி தாங்கவில்லை என்று நினைத்தேன். அதற்காக முட்டையை விட மனசு வரவில்லை. அடுப்பங்கரையில் போய் அழுதேன். அங்கே அம்மாவும் சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் முட்டை போன வருத்தம்தான் என்று நினைத்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.