தயாளினியின் முழுப்பல் வேட்டை

பிடுங்கிய பல்லைக் குழாயடியில் கழுவி, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் தயாளினி. பல்லின் சொந்தக்காரர் பஞ்சைக் கடித்தபடி கதிரையில் கிடக்கிறார். அவரை இப்போது யாரும் கவனிக்கவில்லை. "சே! இவருக்கும் ஒரு கால் முறிஞ்சு போச்சு" என்று டொக்டர் துக்கம் விசாரிப்பது வேர் முறிந்த பல்லிடம்தான். கனகராயன்குளத்தில், பெருந்தெரு ஓரமாக இருக்கும் அவருடைய சிறிய பல் வைத்திய நிலையத்தில் கொஞ்ச நாளாக இதே கூத்துத்தான்.

தயாளினிக்கு நாற்பது தாண்டிவிட்டது. இன்னும் மாணவிதான். அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமானால் பல் வைத்தியர் தொடர்ந்து படித்துப் புள்ளி சேர்க்க வேண்டும். மற்றவர்கள் அதைத் தலைவலி என்பார்கள். இவருக்கு அது திருவிழா. ஸ்கூட்டியில் வரும்போது தலைக்கவசத்துக்குள் ஏதாவது ஒரு விரிவுரை ஓடிக்கொண்டிருக்கும். கேட்டதை உடனே யாருக்காவது சொல்லாவிட்டால் அவருக்குச் செமிக்காது. ஆகவே, கதிரையில் வாய் பிளந்து கிடப்பவருக்கு ஈறு நோய்க்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவை விளக்கத் தொடங்கிவிடுவார். "வாயைத் திறந்து வைச்சிருக்கிற ஆள்தான் நல்ல மாணவன். குறுக்க ஒரு கதை கதைக்கமாட்டார்" என்பது அவருடைய கல்விக் கொள்கை.

இந்த முறை புள்ளி தரப்போவது வவுனியாவில் நடக்கும் ஒரு பயிற்சிப் பட்டறை. கடைவாய்ப் பல்லின் வேரை இயந்திரத்தால் சுத்தம் செய்து, பல்லைக் காப்பாற்றும் வித்தை. அதைக் கற்றுக்கொண்டால், இன்று பிடுங்கி எறியும் பற்களில் பாதியை வாயிலேயே குடியிருக்க விடலாம். போகாவிட்டால் புள்ளி குறையும், அனுமதி போகும், நிலையத்தின் கதவு பூட்டப்படும். நிபந்தனை ஒன்றே ஒன்று: வருகிறவர், பழகுவதற்குப் பிடுங்கிய கடைவாய்ப் பல் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். வேர்கள் முழுதாக இருக்க வேண்டும்.

குளிரூட்டிய அறையில் இருந்து இந்த நிபந்தனையை எழுதியவருக்குப் பல் என்றால் பல். இங்கே ஒரு பல் முழுதாக வெளியே வர, அதன் சொந்தக்காரர் நேரத்துக்கு வந்திருக்க வேண்டும். அதற்கு, கூலி போகாத ஒரு பகல் வேண்டும். கைகாட்டினால் நிற்கும் பேருந்து வேண்டும். மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்த குடும்பத்தில் பிறந்து, இன்றும் அடுத்தவர் வயலில் களை பிடுங்கும் சுப்பம்மா சொன்னார்: "பல்லு வலின்னு நின்னா, அடுத்த நாளு வேற ஆளக் கூப்புட்டுக்குவாங்க டொக்டரம்மா. அதான் கிராம்ப வச்சு கடிச்சுக்கிட்டே இருந்துட்டேன்." அவருடைய பல் துண்டு துண்டாக வந்தது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். வாய்கள் ஒன்றல்ல.

முழுதாக வந்த ஒன்றிரண்டையும் ஆட்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பிடுங்கிய பல்லைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோய் வளவில் புதைக்க வேண்டுமாம். பிறத்தியார் கையில் அகப்பட்டால் செய்வினை செய்துவிடுவார்களாம்! வாயில் இருந்தவரை அந்தப் பல்லைத் திரும்பியும் பார்க்காதவர்கள், வெளியே வந்ததும் அதற்குக் காவல் போடுகிறார்கள்.

போதாக்குறைக்கு, உதவியாளர் நிரோஜா ஒரு காரியம் செய்தார். உடைந்த பல் துண்டுகள் ஊறும் ஜாம் போத்தலில் வெயில் படக்கூடாதென்று, கைக்கு அகப்பட்ட சிவப்புப் பட்டுத் துண்டை அதைச் சுற்றிக் கழுத்தில் கட்டிச் சன்னலோரம் வைத்துவிட்டார். அதைக் கண்ட இரண்டு பேர், வலி சுகமாகிவிட்டதென்று சொல்லி எழும்பிப் போய்விட்டார்கள். தயாளினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எடியே, ஒரு தேசிக்காயையும் வெட்டி வைச்சிருந்தால் இன்னும் வடிவா இருந்திருக்கும்!"

பட்டறைக்கு முதல்நாள் பின்னேரம், கன்னம் வீங்கிய நெல் விவசாயி வீரகத்தியும் மனைவி நாகேஸ்வரியும் வந்தார்கள். விறைப்பூசி போட்டாயிற்று. குறடு உள்ளே போயிற்று. திடீரென்று ஓர் அலறல். நிரோஜா ஓடிவந்தார். அலறியது வீரகத்தி அல்ல, டொக்டர்.

"ரண்டு வேரும் முழுசு! வீரகத்தியண்ணை, உங்களைக் கோயில் கட்டிக் கும்பிடலாம்!" கடவுளை நம்பாத தயாளினி குறடும் கையுமாக ஒரு சுற்றுச் சுற்றினார். வீரகத்தி பஞ்சுக்கு மேலால் "ம்ம்" என்றார்.

நாகேஸ்வரி கைலேஞ்சியை விரித்து நீட்டினார். "கொண்டாங்கோ."

"அக்கா, இவரை எனக்குத் தந்திட்டுப் போங்கோவன்."

நாகேஸ்வரி புருசனைத் திரும்பிப் பார்த்தார். "ஆரை?"

"பல்லை அக்கா, பல்லை! நாளைக்கு எனக்கு வவுனியாவிலை வகுப்பு."

"படிச்சு முடிச்சுத்தானே டொக்டரா வந்தனீங்கள்?"

"படிச்சது காணாதாம். இன்னும் படிக்கட்டாம்."

"ஐயோ பாவம். பெயிலோ பிள்ளை?"

நிரோஜா சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். தயாளினி சிரிப்பை விழுங்கினார். "பல்லில்லாமல் போனால் உள்ளுக்கு விடமாட்டினம். பிறகு இந்தக் கதவும் பூட்டுத்தான், அக்கா."

"அது விளங்குது. ஆனால் இதை வைச்சு இந்த மனிசனுக்கு ஏதும் செய்து போட்டியளெண்டால்? எங்கட பல்லு உங்களிட்டை. உங்கட என்ன எங்களிட்டை இருக்கு?"

செய்வினை என்பது கலப்படமில்லாத பொய். ஆனால், பிடுங்குகிறவரைப் பார்த்து இப்படிக் கணக்குக் கேட்ட நோயாளி வீட்டாரை இந்த நிலையம் இதற்கு முன் கண்டதில்லை.

தயாளினி மேசை லாச்சியைத் திறந்து, சீப்பில் சிக்கியிருந்த முடி ஒன்றை எடுத்து நீட்டினார். "இந்தாங்கோ. நான் அண்ணைக்குச் செய்தால், நீங்கள் இதை வைச்சு எனக்குச் செய்யுங்கோ. சரிக்குச் சரி."

நாகேஸ்வரி கை நீட்டவில்லை. "சீப்பிலை கிடந்த மயிர் ஆரின்ரையெண்டு ஆருக்குத் தெரியும்?"

தயாளினி கையுறைகளைக் கழற்றி எறிந்தார். கொண்டையை அவிழ்த்து, கிளிப்பைப் பற்களால் கவ்விக்கொண்டார். வீரகத்தியை எழுப்பிவிட்டு அந்தக் கதிரையில் தானே ஏறி இருந்து, நாகேஸ்வரியின் கைக்கெட்டத் தலையைத் தாழ்த்தி, கண்களை இறுக மூடிக்கொண்டார்.