பல் முளைத்த நாள்

அந்த உபதேசியாரை எனக்குப் பிடிக்காது. உயிரோடு இருந்தபோதே பிடிக்காது. ஏர் பிடிக்க மாட்டார், மண்வெட்டியைத் தொட மாட்டார். சாமியார் வராத நாட்களில் கோயிலில் செபம் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. மற்ற நேரமெல்லாம் எந்த வீட்டில் உலை கொதிக்கிறது என்று பார்த்துக்கொண்டு மூக்குப்பொடியோடு தெருவில் நடப்பார். அவர் செத்தபோது குழி வெட்டப் போனேன். அழவில்லை.

ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களிடம் பெரிய புலவர் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வார்கள். என் மனைவி எல்லோருக்கும் முந்திச் சொல்வாள்.

எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில். பாட்டன் காலத்திலேயே கிறிஸ்து வேதத்துக்கு வந்த குடும்பங்கள் நாங்கள். உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின தவசு காலத்து வெள்ளிக்கிழமைகளில், சாயங்காலம் கோயிலின் தெற்குச் சுவர் ஓரமாகப் பெண்கள் உட்கார்ந்து பாடுவார்கள். மகனைச் சிலுவையில் பார்த்த மாதா அழுகிற பாட்டு. அதைக் கட்டியவர் அந்த உபதேசியார்தான். ஓலையில் எழுதி வைத்திருந்தார். ஓலையைச் செல் அரித்துவிட்டது. அதனால் யாருக்கும் நட்டமில்லை, எல்லோருக்கும் மனப்பாடம். நான் பள்ளிக்கூடத்தில் அச்சுப் புத்தகம் படித்தவன். அவர்களுக்கு அந்தப் பாட்டு இருந்த மாதிரி எனக்கு எந்தப் புத்தகமும் இருந்ததில்லை.

அவரிடம் அப்படி என்னதான் கண்டார்கள் என்று ஒரு நாள் களத்தில் வைத்தே கேட்டேன். நெல் தூற்றிக்கொண்டிருந்தோம்.

"மாதாவ நம்ம தெருவுல கொண்டாந்து ஒக்கார வச்சாக. வேற என்ன வேணும்?" என்றாள் என் அண்ணன் மனைவி.

"கோடித்துணி போட ஆள் இல்லையேன்னு மாதா கேக்குற எடம் இருக்கு பாருங்க," என்றாள் இன்னொருத்தி, "அதையேதான் எங்க அக்கா செத்தன்னைக்கு நானும் கேட்டேன். அவுகளுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு எனக்கு இன்னைக்கும் தெரியல."

"சோத்துக்கு வந்த எடத்துல கேட்டிருப்பாரு," என்றேன்.

"கேட்டாகல்ல? நீங்களும் எங்க கூடத்தான் இருக்கீக. எதக் கேட்டீக?" என்றாள் என் மனைவி. களமே சிரித்தது. எனக்குக் கோபம் வந்து முறத்தை வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

அவளுக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஆணி அடித்த சேவகரிடம் மாதா சொல்வது:

ஆணி எண்ணி வந்தவரே, அறஞ்ச கணக்கு ஒங்களுக்கு;
பல்லு மொளச்ச நாள் நெனப்பு பெத்தவ எனக்கிருக்கு.

அப்போது எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பல வருசம் ஆகியிருந்தது. அந்த இடம் வந்தால் அவள் குரல் மட்டும் தனியாக மேலே போகும். பிறகு ஒரு மகன் பிறந்தான். அவனுக்குப் பல் வந்தபோது இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து காட்டினாள்.

அவன் நடக்கத் தொடங்கிய வருசம் புதுச் சாமியார் வந்தார். கடல் தாண்டி வந்தவர். தமிழைப் புத்தகத்தில் கற்றவர். தவசு காலத்து முதல் வெள்ளிக்கிழமை சுவர் ஓரத்தில் நின்று கேட்டார். முகம் சிவந்துவிட்டது. மறுநாள் பூசையில் சொன்னார்: தேவமாதா சிலுவையடியில் அசையாமல் நின்றார்கள், மண்ணில் விழுந்து புரளவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. இந்தப் பாட்டு மாதாவுக்கு அவமரியாதை. இனி இதை யாரும் பாடக்கூடாது. அச்சிட்ட புது நூல் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன், அதைத்தான் வாசிக்க வேண்டும்.

வெளியே வந்ததும் என் அண்ணன் மனைவி முக்காட்டை இழுத்துக்கொண்டே, "அவுக ஆத்தாளுக்கு அழுகவே தெரியாதாக்கும்," என்றாள். சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர, அடுத்த வெள்ளிக்கிழமை பாடவில்லை. புது நூலை வாசிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். வாசித்தேன். பாதி எனக்கே புரியவில்லை. பெண்கள் கொட்டாவி விட்டார்கள்.

சித்திரையில் வாந்திபேதி வந்தது. மலையில் அணை வேலைக்குப் போய்த் திரும்பியவர்களோடு வந்தது என்றார்கள். எங்கிருந்து வந்தால் என்ன, என் வீட்டுக்குள் வந்தது. காலையில் விளையாடிக்கொண்டிருந்தவன் பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

உடனே எடுக்க வேண்டும் என்றார்கள். கல்லறைத் தோட்ட வாசலில் புது உபதேசியார் நின்றார். சாமியார் வைத்த ஆள். கெட்டவன் இல்லை, பயந்தவன். என் மனைவியைப் பார்த்து, "அம்மா, அந்தப் பாட்டு வேண்டாம். பாடினா உள்ள வைக்க விடக்கூடாதுன்னு சாமி சொல்லிட்டுப் போயிருக்காக," என்றான்.

அவன் கழுத்தைப் பிடிக்க என் கை போனது. அவள் தடுத்தாள். உள்ளே அவளுடைய ஆத்தா கல்லறை இருந்தது. பிள்ளையை அதன் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். மண் மூடுகிறவரை அப்படியே நின்றாள். விழவில்லை, மாரில் அடிக்கவில்லை. சாமியார் சொன்ன மாதிரியே நின்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அழவில்லை. மாட்டுக்குத் தீனி வைத்தாள், சோறாக்கினாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள். ராத்திரி கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். உடம்பு கரைந்துகொண்டே போனது. இவளும் போய்விடுவாள் என்று எனக்குப் பயம். பயத்தைக் கோபமாகத்தான் காட்டத் தெரியும் எனக்கு. ஒரு நாள் கத்திவிட்டேன்.

"அழுது தொலையேன்! வீட்டுக்குள்ள எந்தச் சாமியாரு வரப்போறாரு?"

"வர மாட்டேங்குது."

"அழுகிறதுக்கு ஒரு பாட்டு வேணுமா? மாடுகூடக் கன்னு செத்தா கத்துது. அதுக்கு எந்தப் புலவன் எழுதிக் குடுத்தான்?"

"மாட்டை யாரும் வாய மூடச் சொல்லலையே," என்றாள். "நான் பாடுனா அவன அங்கன இருந்து எடுத்துருவாகளோன்னு இருக்கு. பழைய உபதேசியாரு பாட்டு இல்லாம எனக்கு எங்கன இருந்து தொடங்குறதுன்னு தெரியல."

புதைத்த பிள்ளையை யார் எடுப்பார்கள்? எடுக்க மாட்டார்கள் என்று எனக்கும் நிச்சயமில்லை.

ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு தொடங்கினோம். பக்கத்து ஊரிலிருந்து நடவுப் பெண்கள் வந்தார்கள். அவர்கள் வேதத்துக்காரர்கள் இல்லை. மூத்தவள் ஒருத்தி பாடுவாள், மற்றவர்கள் பின்பாட்டு. கொழுந்தனைக் கேலி செய்கிற பாட்டாகவே இரண்டு வயல் முடிந்தது. என் மனைவி நாற்று முடிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மூத்தவள் நிமிர்ந்து அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டே வேறு ராகம் எடுத்தாள். ஆணி எண்ணி வந்தவரே என்று.

வரப்பில் நின்ற நான் வயலுக்குள் இறங்கிப் போனேன். "ஏத்தா, அது கோயில் பாட்டு. ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"கோயில் செவுத்துக்கு அங்கிட்டு நின்னு கேட்டோம்ண்ணே. எங்க ஊர்ல எழவு விழுந்தா இதத்தான் பாடுறோம். அந்த மனுசன் பாட்டு மாதிரி வேற வருமா?"

"பாடக்கூடாதுன்னு சாமியாரு சொல்லியிருக்காரு."

"ஒங்களுக்குத்தான சொன்னாக? எங்களுக்கு எந்தச் சாமியாரு?" என்றாள். சேற்றுக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அடுத்த அடியைப் பாடினாள். பல்லு மொளச்ச நாள்.

என் மனைவி கையிலிருந்த நாற்று முடியைப் போட்டாள். சேற்றிலேயே உட்கார்ந்தாள். அப்போது வந்தது அழுகை. அந்த மாதிரிச் சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. அவள் பாடவில்லை, ஒரு வார்த்தைகூட. மற்றவர்கள்தான் அவளைச் சுற்றி நின்று பாடி முடித்தார்கள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பாடினார்கள். அன்றைக்கு நடவு பாதியில் நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தி சாய வாய்க்காலில் கால் கழுவும்போது அவளாகப் பேசினாள். குரல் கட்டிப்போயிருந்தது.

"கீழ்ப்பல்லுதான் மொதல்ல வந்துச்சு. ரெண்டும் ஒண்ணா. சந்தை நாள் அன்னைக்கு. நீங்க சோளத்தட்டைக் கட்டு எறக்கிக்கிட்டு இருந்தீக, ஓடியாந்து காட்டுனேன். நெனப்பிருக்கா?"

"இருக்கு," என்றேன்.

இல்லை. எவ்வளவு யோசித்தும் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வரவில்லை.