கட்டி முடியாத இயந்திரம்

கலஹா பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, பேராதனைப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையில் கணினிப் பாடம் எடுத்த இராஜகுமாரி டீச்சருக்கு ஒரு பழக்கம். எதையும் சரிபார்க்காமல் கரும்பலகையில் எழுத மாட்டாள். வந்தோமா, நோட்ஸைக் கொடுத்தோமா, போனோமா என்று இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாள். யார் கேட்டது!

போட்டோகொப்பியாக ஊரெல்லாம் ஓடிய ஒரு டியூஷன் நோட்ஸில், கணினிகளுக்கெல்லாம் முன்னோடியான பகுப்புப் பொறியை சார்ள்ஸ் பபேஜ் 1837இல் கட்டி முடித்தார் என்று இருந்தது. "படம்தான் போட்டாரு புள்ளைங்களா. சாகிற வரைக்கும் கட்டி முடிக்கல" என்று வகுப்பில் அடித்துச் சொன்னாள் டீச்சர்.

2012இல் கல்வி வலயம் நடத்தும் பரீட்சை வந்தது. எழுபத்தைந்து புள்ளி எடுத்தால் கண்டியில் ஒரு வருட இலவசக் கணினிப் பயிற்சி. தாளில் ஒரு வினா: பகுப்புப் பொறி 1837இல் கட்டி முடிக்கப்பட்டது, சரியா பிழையா? வினாத்தாள் போட்ட புண்ணியவான்களும் அதே நோட்ஸைத்தான் பார்த்திருக்கிறார்கள். டீச்சர் சொன்னபடியே 'பிழை' என்று எழுதிய அவள் மாணவி ஞானேஸ்வரிக்கு, ஒரு புள்ளி குறைந்து எழுபத்துநான்கு.

டீச்சர் விடவில்லை. புத்தகப் பக்கங்களை இணைத்து வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். பதில் வருவதற்குள் பயிற்சியே தொடங்கிவிட்டது. விடை திருத்தும் புள்ளித்திட்டத்தில் மாற்றமில்லையாம்.

"பிள்ளை, நீர் சொல்லுறதுதான் சரி" என்றார் யாழ்ப்பாணத்துக்காரரான பாடசாலை அதிபர் இராமநாதன். "ஆனா பேப்பர் திருத்துறவை புள்ளித்திட்டத்தைத்தானே பாப்பினம்?"

"அப்ப பொய்யவா சார் சொல்லிக் குடுக்கிறது?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம், தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாமல் ஞானேஸ்வரியின் அம்மா பாலம்மா வந்தாள். திட்டியிருந்தாலும் தேவலை. "ஒங்க மேல கோவம் இல்லீங்க டீச்சர். பெரியவள துணிக்கடையில வேலைக்குச் சேத்துட்டோம். வர்ற வருஷம் சின்னவ ஒங்ககிட்டதான் வாறா. அவளுக்காச்சும் பரீட்சைக்கு வர்றதச் சொல்லிக் குடுங்க."

வந்தாள் சின்னவள், முன் வரிசையிலேயே. இராஜகுமாரி வெண்கட்டியை எடுத்தாள். 'பபேஜ் 1837இல் பகுப்புப் பொறியைக் கட்டி முடித்தார்.' வழக்கம்போல முத்து முத்தான எழுத்து. அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

சின்னவள் எழுந்து நின்றாள். "டீச்சர், அந்த மெஷின் இப்ப எங்க இருக்கு?"

வகுப்பே டீச்சரைப் பார்த்தது.

"லண்டன்ல" என்றாள் இராஜகுமாரி.

"ரொம்பப் பெருசா டீச்சர்?"

"ரொம்பப் பெருசு."

பிள்ளை அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டது.